சாட்சி: ஆர்தர்

குருண் பட்டணத்தில் ஓர் இடத்தில் மட்டும் வருஷம் முழுக்க நாளைக்குத் தீபாவளி.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான். அந்த இடம் ஓர் இணையப் பக்கம்.

உமாராணி அக்கா ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறார். லீவு நாள்களில் 'மலையடி' என்ற செய்தித் தளத்தை நடத்துகிறார். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆசைப்பட்டவர்கள் எழுதலாம். போன வருஷம் ஆறு குடியிருப்புகளிலிருந்து வந்து, "எங்க தாமானுக்குத் தனியா ஒரு பக்கம் வேணும்" என்று கேட்டார்கள். அக்காவும் முகம் கோணாமல் ஒரே நாளில் ஆறு பக்கங்களைத் திறந்து கொடுத்தார்.

முதல் வாரம் செய்தி கொட்டோ கொட்டென்று கொட்டியது. இரண்டாவது வாரம் வெறும் தூறல். மூன்றாவது வாரம் சொட்டுக்கூட இல்லை. ஒரு பக்கத்தில் கடைசியாக எழுதிய ஆள், "நாளை தீபாவளி, எல்லாரும் கோயிலுக்கு வாங்க" என்று போட்டுவிட்டுப் போனார். போனவர் போனவர்தான்! சீனப் பெருநாள் வந்தது, நோன்புப் பெருநாள் வந்தது, ஏன், அடுத்த தீபாவளியே வந்து போய்விட்டது. அங்கே மட்டும் இன்னும் நாளைக்குத் தீபாவளி.

பதினொரு வயதுக் காஞ்சனாவுக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் மனசு என்னவோ செய்யும். அதற்குள்ளே ஒரு சின்ன ஊர் இருப்பதாக நினைத்துக்கொள்வாள். அங்கே முறுக்கு டப்பாவை யாரும் திறக்கவில்லை. புதுச் சட்டை மடித்தபடியே இருக்கிறது. பிள்ளைகள் படுத்துக்கொண்டு, எப்போது விடியும் எப்போது விடியும் என்று கேட்கிறார்கள். விடியவே மாட்டேன் என்கிறது.

"பாவம்லா அவங்க" என்பாள்.

"யாரு பாவம்?" என்று கேட்பான் பக்கத்து வீட்டு ரோனால்ட். காஞ்சனா திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் அப்படித்தான், பாதி நேரம் கனவில் இருப்பாள்.

பள்ளிக்கு நீண்ட விடுமுறை விட்டார்கள். முதல் சனிக்கிழமை காலை நல்ல மழை. தையல் கடைக்கு மேலே இருந்த 'மலையடி' மாடி அறையில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். கீழே தையல் மிஷின்கள் ஓடின. மேலே மழை ஓடியது.

"மறுபடியும் பக்கம் வேணும்னு கேக்குறீங்க" என்றார் உமாராணி அக்கா. "இந்தத் தடவை நான் சும்மா திறக்கமாட்டேன். யாருக்குத் திறக்கலாம், யாருக்குத் திறக்கக் கூடாதுன்னு நீங்களே விதி போடுங்க. எல்லாருக்கும் நியாயமா இருக்கணும். விதி உங்களுது. சாவி மட்டும்தான் என்கிட்ட."

மூன்று கூட்டம் வந்திருந்தது. ஒன்று காஞ்சனா, ரோனால்டோடு சேர்த்து ஐந்து பேர். அவர்கள் பக்கத்துக்கு 'ஜன்னல்' என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. ரோனால்ட் படமே வரைந்து கொண்டுவந்திருந்தான். இரண்டாவது, காஞ்சனாவின் வகுப்பில் படிக்கும் லோகேஸ்வரனின் கூட்டம். அதிலும் ஐந்து பேர். லோகேஸ்வரனுக்கு விதி என்றால் உயிர். பென்சில் பெட்டியில் ரூலர் மட்டும் மூன்று வைத்திருப்பான்.

மூன்றாவது கூட்டத்தில் இரண்டே பேர். ரப்பர் பால்மரத் தோட்டத்திலிருந்து வந்த ஏமி, பத்து வயது. அவள் தம்பி ஆர்தர், நாலு வயது. அம்மா பாசாருக்குச் சாமான் வாங்க வந்த நேரத்தில் இவர்களை இங்கே விட்டுப்போயிருந்தார். ஆர்தர் ஒரு கறிபாப்பை இரண்டு கையாலும் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஆளுங்க ஒழுங்கா வராததுனாலதான் போன தடவை கெட்டுப்போச்சு" என்றான் லோகேஸ்வரன்.

அப்போதுதான் காஞ்சனாவுக்கு அந்த யோசனை வந்தது.

"எங்கம்மா சின்னதுல தோட்டத்துலதான் இருந்தாங்க. அங்க விடிகாலையில பெரட்டு இருக்குமாம். எல்லாரையும் நிக்க வெச்சு வரிசையா பேர் கூப்பிடுவாங்களாம். பேர் கூப்பிடும்போது ஆள் இல்லைன்னா அன்னைக்கு வேலை இல்ல. நாமளும் பெரட்டு வைப்போமா? சனிக்கிழமை பத்து மணி. நாலு வாரம். ஒவ்வொரு கூட்டத்துலயும் அஞ்சு பேர் வந்து பேர் சொல்லணும். வந்தா பக்கம். வரலைன்னா இல்ல!"

"அட!" என்றான் லோகேஸ்வரன். எல்லாரும் கை தட்டினார்கள். காஞ்சனாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"எல்லாருக்கும் சரிதானே?" என்று கேட்டாள்.

ஏமி வாயைத் திறந்தாள். அதே நேரம் ஆர்தரும் வாயைத் திறந்தான்.

"அக்கா, ஒண்ணுக்கு!"

அறை முழுக்கச் சிரிப்பு. ஏமி அவனைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் லோகேஸ்வரன் விதியைப் பெரிய தாளில் எழுதி, ரூலர் வைத்துக் கோடு போட்டு, சுவரில் ஒட்டிவிட்டான். ஏமி அதை இரண்டு தடவை படித்தாள். பெயர்ப் பட்டியலில் 'ஏமி, ஆர்தர்' என்று எழுதினாள்.

"ரெண்டு பேர் பத்தாதே" என்றான் லோகேஸ்வரன்.

"எங்க லயத்து வரிசை வீட்டுல பிள்ளைங்களே நாங்க ரெண்டு பேருதான்" என்றாள் ஏமி மெதுவாக.

"சரி, எழுதிப் பாருங்க" என்றார் அக்கா. மூன்று கூட்டத்துக்கும் மூன்று முயற்சிப் பக்கங்கள் கொடுத்தார். மூன்று கூட்டத்தில் இருப்பவர்களும் அவற்றைப் பார்க்கலாம். வெளியே யாருக்கும் தெரியாது.

மறுநாள் காலை அம்மாவின் போனில் காஞ்சனா மூன்று பக்கங்களையும் திறந்தாள். 'ஜன்னல்' காலியாக இருந்தது. லோகேஸ்வரன் பந்து விளையாட்டைப் பற்றி ஒரு முழம் எழுதியிருந்தான். மூன்றாவதில் நாலே வரி.

'இன்று மலை தெரிகிறது. மரத்தில் ஈரம் காய்ந்திருக்கிறது. அம்மா பால் வெட்டப் போய்விட்டார். சாட்சி: ஆர்தர்.'

காஞ்சனா சிரித்துவிட்டாள். பிறகு ஜன்னல் வழியே பார்த்தாள். அவள் வீட்டிலிருந்து ஜெராய் மலை முழுசாகத் தெரியாது. எதிர்வீட்டுக் கூரைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே அதன் தோள் மட்டும் நீலமாகத் தெரியும். மீதி மலையை ஏமி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது, யாரோ மலையைப் பாதிப் பாதியாகப் பங்குபோட்டுக் கொடுத்தது போல இருந்தது.

இரண்டு நாள் கழித்து: 'மலை மேகத் தொப்பி போட்டிருக்கிறது. மத்தியானம் மழை வரும். சாட்சி: ஆர்தர்.'

"அம்மா, துணி காயப்போடாதீங்க. மழை வரப்போகுதாம்" என்றாள் காஞ்சனா.

"வெயில் பல்லைக் காட்டுது, மழையாம் மழை! போடி கனவுக்காரி" என்றார் அம்மா.

இரண்டு மணிக்கு வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. கொடியிலிருந்த போர்வை, அப்பாவின் சீருடை எல்லாம் தொப்பல். அடுத்த நாளிலிருந்து அம்மாவே கேட்க ஆரம்பித்தார். "அந்தப் புள்ள இன்னைக்கு என்னம்மா எழுதியிருக்கு?"

ஒரு நாள் இப்படி வந்தது: 'ஓர் இருவாச்சிப் பறவை பறந்தது. பெரிய மூக்கு. ஆர்தர் அது காக்கா என்கிறான். ஆகவே உறுதியாகச் சொல்ல முடியாது.'

இன்னொரு நாள் சாயங்காலம்: 'பாலத்துப் பக்கம் மரம் விழுந்து கிடக்கிறது. பஸ் போகாது. சாட்சி: ஆர்தர். அவன் மரத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தான்.'

காஞ்சனாவின் அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். காலையில் தோட்டத்து ஆட்களை ஏற்றிவருவது அவர்தான். அதைப் படித்துவிட்டு மறுநாள் பஸ்ஸை வேறு பாதையில் விட்டார். ஆட்கள் நேரத்தோடு வேலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆனால் சனிக்கிழமைகளில் கதை வேறு.

"ஏமி?" என்று லோகேஸ்வரன் பெயர் கூப்பிடுவான். பதில் இருக்காது. "ஆர்தர்?" அதற்கும் பதில் இருக்காது. ரூலரை வைத்து அழகாக ஒரு கோடு அடிப்பான்.

'ஜன்னல்' கூட்டம் மட்டும் ஐந்து பேரும் தவறாமல் வந்தார்கள். அக்கா வாங்கிவரும் கறிபாப்பை ஐந்து பேரும் தவறாமல் சாப்பிட்டார்கள். எழுதியதுதான் குறைவு. மூன்று வாரத்தில் நாலே செய்தி. அதில் இரண்டு, ரோனால்ட் வீட்டுப் பூனையைப் பற்றியது.

கடைசிப் பெரட்டு நாளான சனிக்கிழமை விடிகாலை, அப்பா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது சொன்னார். "அந்த மரம் விழுந்த விஷயத்துக்கு அந்தப் புள்ளைக்கு ஒரு நன்றி சொல்லணும்லா. நீயும் வரியா? பசியாறிட்டு வா."

காஞ்சனா ரொட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே பஸ்ஸில் ஏறினாள்.

தோட்டத்துச் சாலையில் நுழைந்ததும் பனி மூடிக்கொண்டது. இரண்டு பக்கமும் பால்மரங்கள் வரிசை வரிசையாக வந்து, வரிசை வரிசையாக மறைந்தன. மரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன வெளிச்சங்கள் நகர்ந்தன. மின்மினி என்றுதான் முதலில் நினைத்தாள்.

"பால் வெட்டுறவங்க. தலையில விளக்குக் கட்டியிருக்காங்க" என்றார் அப்பா.

பஸ் நின்றது. ஆட்கள் ஏறுவதற்குள் காஞ்சனா இறங்கிப் பார்த்தாள். லயத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு. மேட்டின் உச்சியில், பனிக்குள்ளே, ஒரு சிறுமி கையை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நின்றாள். நட்சத்திரம் பறிக்கிற மாதிரி இருந்தது. பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது, கையில் போன்.

"ஏமி!"

"காஞ்சனாக்கா! இங்க எங்கக்கா?" ஏமிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "இருங்க, இருங்க. இங்க மட்டுந்தான் லைன் கிடைக்கும். அதுவும் கையைத் தூக்கணும்."

அவள் காலைக் கட்டிக்கொண்டு ஆர்தர் நின்றான். ஒரு காலில் செருப்பு, இன்னொரு காலில் ஒன்றுமில்லை. எதிரே பனி கிழிந்து ஜெராய் மலை மெல்ல வெளியே வந்தது. முழு மலை! காஞ்சனா இவ்வளவு நாளும் அதன் தோளை மட்டும் பார்த்தவள். வாயைத் திறந்தபடி நின்றாள்.

"ஆர்தர், மலை தொப்பி போட்டிருக்கா?" என்று கேட்டாள் ஏமி.

ஆர்தர் கண்ணைச் சுருக்கி உற்றுப் பார்த்தான். "இல்ல. மொட்டை" என்றான்.

ஏமி எழுதினாள். மறுபடியும் கையைத் தூக்கினாள். காத்திருந்தாள். செய்தி போய்விட்டது.

"இன்னைக்குக் கடைசி பெரட்டு. வாயேன், பஸ்லயே போயிடலாம்" என்றாள் காஞ்சனா.

ஏமி தலையை ஆட்டினாள். "முடியாதுக்கா. அம்மாவும் அப்பாவும் வெட்டுக்குப் போயிட்டாங்க. பெரட்டுக்கு நேரத்தோட போகணும். அவங்க வர மத்தியானம் ஆகும். அதுவரைக்கும் இவனைக் கூட்டிக்கிட்டு லயத்தை விட்டு எங்கயும் போகக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க. கூட்டம் நடந்த அன்னைக்கு மழை. மரம் ஈரமா இருந்தா வெட்டு இல்லை. அதனாலதான் வந்தோம்."

அப்போதுதான் காஞ்சனாவுக்குப் புரிந்தது.

அம்மா நிஜப் பெரட்டுக்குப் போகிறார். அதனால்தான் இவர்களுடைய விளையாட்டுப் பெரட்டுக்கு ஏமியால் வர முடியவில்லை. 'அம்மா பால் வெட்டப் போய்விட்டார்' என்று அவள் எத்தனையோ நாள் எழுதியிருந்தாள். காஞ்சனா அதைப் படித்துச் சிரித்தாள். ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

"நீ ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொல்ல வந்தேன். இவனுக்கு அவசரம்" என்றாள் ஏமி. பிறகு குனிந்து ஆர்தரின் மூக்கைத் துடைத்தாள். "பக்கம் கிடைக்காதுன்னு தெரியும்க்கா. பரவால்ல. யாராவது படிக்கிறாங்களோ இல்லையோ, எழுதலைன்னா எனக்கு என்னவோ மாதிரி இருக்கும்."

"எங்கம்மா படிக்கிறாங்க" என்றாள் காஞ்சனா. "உன்னைப் படிச்சிட்டுத்தான் துணியே காயப்போடுறாங்க."

ஏமியின் முகம் மலர்ந்துபோனது. அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து ஏமிக்கு நன்றி சொன்னார். ஆர்தருக்கு ஒரு மிட்டாய் கிடைத்தது.

பத்து மணிக்கு மாடி அறை. லோகேஸ்வரன் பெயர் கூப்பிட்டு முடித்தான்.

"எங்க பக்கம் திறக்கலாம். ஜன்னலும் திறக்கலாம். ஏமி பக்கம் இல்ல" என்றான். ரோனால்ட் 'ஜன்னல்' படத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

காஞ்சனா எழுந்தாள். இந்த ஒரு மாதமாகப் படுக்கும்போதெல்லாம் அவள் கண்ட கனவு அந்தப் பக்கம்தான். நீலக் கம்பி போட்ட ஜன்னல், திறந்ததும் ஊர். இப்போது வாயைத் திறந்தால் அது போய்விடும். தெரிந்துதான் திறந்தாள்.

"என் விதி தப்பு" என்றாள்.

சுவரில் ஒட்டியிருந்த தாளைத் தொட்டுக் காட்டினாள்.

"நாம யாரு வந்தாங்கன்னு எண்ணிட்டோம். யாரு எழுதினாங்கன்னு எண்ணவே இல்ல. அக்கா, எத்தனை நாள் யாரு எழுதினாங்கன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

அக்கா கணினியைப் பார்த்தார். "இருபத்தெட்டு நாள்ல லோகேஸ் கூட்டம் பத்தொன்பது நாள். ஏமி இருபத்தேழு."

"ஒரு நாள் எங்க போச்சாம்?" என்றான் லோகேஸ்வரன்.

"அதையும் மறுநாள் எழுதியிருக்கா. ஆர்தர் போனை வாளித் தண்ணில போட்டுட்டானாம்." அக்கா சிரித்துவிட்டு நிறுத்தினார். "ஜன்னல், நாலு."

ரோனால்ட் படத்தை மெல்லக் கீழே இறக்கினான்.

காஞ்சனா தோட்டத்தில் பார்த்ததைச் சொன்னாள். மண்மேட்டை, தூக்கிய கையை, நிஜப் பெரட்டை.

கடைசியில் லோகேஸ்வரன் கேட்டான். "அது சரிலா. ஆனா ஆட்டம் முடியுற நேரத்துல கோட்டை அழிக்கலாமா? அது நியாயமா?"

நல்ல கேள்விதான். காஞ்சனா அவன் பக்கம் திரும்பினாள்.

"கோடு போட்டது நான்தான். தப்பான இடத்துல போட்டுட்டேன். அதை மாத்தினா யாருக்கு நட்டம்? உன் பக்கம் எப்படியும் திறக்கும். நட்டம் எங்க கூட்டத்துக்கு மட்டுந்தானே?"

"உன் ஜன்னல் போயிடும். யோசிச்சியா?"

"ம்" என்றாள் காஞ்சனா. அழுகை வந்துவிடும் போலிருந்தது. "இன்னைக்குத் திறந்தா ரெண்டே வாரத்துல அதுவும் நாளைக்குத் தீபாவளின்னு நின்னுடும். எனக்கு நல்லாத் தெரியும்."

"அப்போ விதி என்ன?" என்று கேட்டார் அக்கா.

"பதினஞ்சு நாளாவது செய்தி வரணும். ஒருத்தர் எழுதினாலும் சரி, பத்துப் பேர் எழுதினாலும் சரி. எழுதினதை இன்னொரு ஆளும் பாத்திருக்கணும், இல்ல கேட்டிருக்கணும்."

லோகேஸ்வரன் விழுந்து விழுந்து சிரித்தான். "நாலு வயசு ஆர்தர்தான் சாட்சியா?"

"அவன் காக்கான்னு சொன்னதுக்காக ஏமி இருவாச்சியவே விட்டுக்கொடுத்திருக்கா. உன் கூட்டத்துல யாராவது உன்னை அப்படி மறுத்துச் சொல்லியிருக்காங்களா?"

லோகேஸ்வரன் பதில் தேடினான். கறிபாப்தான் கிடைத்தது. அதைக் கடித்துக்கொண்டே கையைத் தூக்கினான். அவன் கூட்டமும் தூக்கியது. கடைசியாக ரோனால்ட், படத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, பெருமூச்சோடு தூக்கினான்.

"இன்னும் ஒண்ணுக்கா" என்றாள் காஞ்சனா. "நின்னுபோன பக்கங்களை அழிக்க வேணாம். மேலே 'இந்தப் பக்கம் தூங்குகிறது, எழுத வந்தால் எழுப்பலாம்'னு போட்டுடலாமா?"

அக்கா அப்போதே போட்டார். தீபாவளிக்காகக் காத்திருந்த அந்தச் சின்ன ஊர்ப் பிள்ளைகள் ஒருவழியாகக் கண்ணை மூடித் தூங்குவதாகக் காஞ்சனா நினைத்துக்கொண்டாள்.

லோகேஸ்வரன் புதிய தாள் எடுத்து, புதிய விதியை எழுதி, மூன்று ரூலரையும் பயன்படுத்திக் கோடு போட்டான். அக்கா இரண்டு பக்கங்களைத் திறந்தார். ஏமிக்குப் போன் செய்து பார்த்தார்கள். லைன் இல்லை.

"மேட்டுல ஏறினாத்தான் தெரியும். நாளைக்குக் காலையில" என்றாள் காஞ்சனா.

மறுநாள் அவள் எல்லாருக்கும் முன்பாக எழுந்து அம்மாவின் போனை எடுத்து வைத்துக்கொண்டாள். ஏழு மணி. ஏழே கால். வந்தது! இப்போது உலகத்துக்கே தெரியும்படி வந்தது.

'இன்று மலை மொட்டை. மழை இல்லை. மேட்டில் ஏறிப் பார்த்தால் எங்கள் பக்கம் திறந்திருக்கிறது! இனி இதன் பெயர் மேட்டுச் செய்தி. ஆர்தர் குதித்ததில் இன்னொரு செருப்பும் போய்விட்டது. சாட்சி: ஆர்தர்.'

காஞ்சனாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு, "மொட்டையா? அப்ப போர்வையத் துவைச்சிடலாம்" என்று கிளம்பினார். அடுத்த வீட்டு அத்தைக்கும் குரல் கொடுத்தார். அவர் அதற்கடுத்த வீட்டுக்குக் குரல் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கக் கொடிகளில் துணிகள் காற்றில் ஆடின. நடுவே ஜெராய் மலையின் நீலத் தோள்.

காஞ்சனா நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, தன் முயற்சிப் பக்கத்தைத் திறந்து எழுதினாள்.

'முதல் நாள். எங்கள் தெருவில் இன்று எல்லா வீட்டிலும் துணி காய்கிறது. சாட்சி: அம்மா.'